மழையக்காவும் நான் கொட்டிய முதல் மழையும்

ஏற்காட்டு மலை முழுக்கச் சலித்துத் தேடினாலும், இம்மிகூடக் கூட்டாமல் குறைக்காமல் பேசுகிற மனுஷி ஒருவர்தான் கிடைப்பார். எங்கள் எஸ்டேட் ஆபீஸின் மழையக்கா. காபிச் செடிகூட ஏமாற்றும். பூவைக் காட்டிவிட்டுக் காய்க்காமல் நழுவிவிடும். மழையக்கா ஏமாற்ற மாட்டார்.

ஆபீஸைப் பெருக்குவது, டீ போடுவது, தினமும் காலை எட்டு மணிக்கு மழையை அளந்து வாசல் கரும்பலகையில் எழுதுவது இதெல்லாம் அவர் வேலை. நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். என்னைவிட ஐந்து வயது சிறியவர். எல்லோரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன்.

நான் அங்கே மேனேஜராகச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. சேலத்தில் நான் இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்த வயதில் இன்னொரு வேலை கிடைத்ததே அதிசயம். இதுவும் போனால் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதுதான் மிச்சம். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாக, சென்னையில் இருக்கும் முதலாளி சொல்லியிருந்தார்.

முதல் நாளே கவனித்தேன். ஆள் கணக்கு எழுதும் ரைட்டரும் ஸ்டோர்காரரும் மூன்றடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு ஜன்னல். ரைட்டருக்குக் காற்று வேண்டும்; ஸ்டோர்காரருக்கு மேகம் உள்ளே வரக் கூடாது.

இருவருக்கும் நடுவே தபால், மழையக்கா.

"உர மூட்டை எத்தன இருக்குதுன்னு அந்தாளக் கேளுங்கக்கா" என்பார் ரைட்டர். மழையக்கா மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், ரைட்டரின் அதே கட்டைக் குரலில், அதே மூக்குறிஞ்சலோடு, "உர மூட்டை எத்தன இருக்குதுன்னு அந்தாளக் கேளுங்கக்கா" என்பார். "கண்ணு இருந்தா வந்து எண்ணிக்கச் சொல்லுங்க" என்று ஸ்டோர்காரர் பல்லைக் கடிப்பார். அந்தப் பல்கடியும் சேதாரமில்லாமல் ரைட்டருக்கு வந்து சேரும்.

"கொஞ்சம் பதமாச் சொல்லக் கூடாதாக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அவுங்க குடுத்தத நான் எப்படிங்க சார் கொறைக்கறது?"

இருவரும் தனித்தனியே என்னிடம் வந்து, "நீங்க நம்ம பக்கந்தானுங்களே?" என்றார்கள். இருவரிடமும் ஆமாம் என்றேன். அன்றோடு தூக்கம் போயிற்று. கழிப்பறைக்குப் போனால்கூட ரைட்டர் மேஜைப் பக்கமாகப் போய், ஸ்டோர்காரர் மேஜைப் பக்கமாகத் திரும்பினேன். யாரும் குறை சொல்லக் கூடாது பாருங்கள்.

மூன்றாவது வாரம், காய்ந்து கிடந்த மலையில் ஒரு ராத்திரி மழை கொட்டியது. காலையில் ஆபீஸ் பின்பக்கம் உலாவப் போனேன். சின்ன வேலிக்குள் ஒரு தகர உருளை. புனல் போன்ற மேல்மூடியை எடுத்தால், உள்ளே பாத்திரம் நிறையத் தண்ணீர். சேலத்தில் கொசு ஒழிப்புக்காரர்கள் வீடு வீடாக வந்து மிரட்டி வளர்த்த உடம்பு இது. தேங்கிய தண்ணீரா? டெங்கு! கொட்டினேன். அதோடு விட்டேனா? கழுவித் துடைத்துக் கவிழ்த்தும் வைத்தேன்.

அதுதான் மழைமானி. மழையக்கா வானத்தைப் பார்த்து எழுதுகிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன். நான் சேர்ந்த நாளிலிருந்து பலகையில் 'மழை இல்லை' என்றுதானே இருந்தது?

காபிக்காரர்களுக்கு இந்த முதல் மழை உயிர். மொட்டு விரிவது இதில்தான். அளவு போதாவிட்டால் உடனே குளத்துத் தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் அடிக்க வேண்டும். குளத்திலோ ஒரே ஒரு தடவைக்குத்தான் தண்ணீர். அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, பத்து மணிக்கு முதலாளி போன் போட்டு அளவைக் கேட்பார்.

எட்டு மணிக்கு மழையக்கா அளக்கப் போய்க் காலிப் பாத்திரத்தோடு வந்தார்; ஆபீஸ் பற்றி எரிந்தது.

"அந்தாளு வேணும்னே கொட்டிப்போட்டாருன்னு சொல்லுங்க!" என்றார் ரைட்டர்.

"கொட்டற புத்தி எனக்கில்ல, அவருக்குத்தான்னு சொல்லுங்க!"

மழையக்கா சுற்றிச் சுற்றிப் போய்க் கத்திவிட்டு வந்தார். ரைட்டர் தன் மேஜையை மூன்று தட்டுத் தட்டினார். மழையக்கா போய் ஸ்டோர்காரர் மேஜையை எண்ணி மூன்று தட்டினார். ஸ்டோர்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

நான் ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்தேன். "கொரங்கா இருக்குமோ?" என்றேன், ஃபைலிடம்.

மழையக்கா டீயோடு வந்து என் பக்கம் குனிந்தார். "கொரங்கு கழுவிக் கவுத்து வெக்காதுங்க சார்."

பாதி டீ என் சட்டையில்.

"அக்கா, வேலை போயிரும்க்கா..."

"கேட்டாங்கன்னா இருக்கறதச் சொல்லிப்போடுவனுங்க. பத்து மணி வரைக்கும் பலகையில ஒண்ணும் எழுத மாட்டன். அதுக்குள்ள நீங்களே சொல்லிப்போடுங்க."

ஒன்பதேமுக்கால் வரை, குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கும் பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு லேண்ட்லைன் அடித்தது. மேகம் வந்தால் எங்கள் செல்போன்கள் வெறும் டார்ச் லைட்டுகள்.

"எவ்வளவு மழை?" என்றார் முதலாளி. ரிசீவரை மழையக்காவிடம் நீட்டினேன். "ஐயா... நாந்தான்... கொசு வந்துரும்னு... கொட்டி... கழுவிட்டேன்... மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுங்கக்கா." நடுவில் இரண்டு விக்கல்.

அவர் சொன்னார். என் குரலில். இரண்டு விக்கலும் இருந்தன. கூடவே ஒரு கேவல். அப்படிக் கேவினேன் என்று அவர் கேவிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

போனில் ஒரு சிரிப்பு, ரிசீவரை விட்டு வெளியே வழிந்தது. ஸ்டோர்காரர் மேஜைமேல் கவிழ்ந்து குலுங்கினார். ரைட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, "ஏனுங்க, கேட்டீங்களா? கொசுவாமுங்க!" என்றார்.

"கழுவி வேற வெச்சிருக்கறாருங்க! நொம்ப சுத்தமான மனுசனுங்க!" என்றார் ஸ்டோர்காரர்.

ஆறு வருடத்தில் முதல் நேரடிப் பேச்சு. என்னைக் கிண்டல் செய்வதில் ஆபீஸே ஒரு பக்கமாகிவிட்டது.

"மண்ணைத் தோண்டிப் பாருங்க" என்று போனில் முதலாளியின் உத்தரவு வந்தது. நான்கு பேரும் போனோம். மண்வெட்டி என் கையில், யோசனை அவர்கள் இருவர் வாயில். ஈரம் ஒரு சாணுக்கு மேல் இறங்கியிருந்தது. ஸ்பிரிங்க்ளர் வேண்டாம் என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

மழையக்கா பலகையில் எழுதினார்: 'மழை பெய்தது. அளவு தெரியாது.' என் பெயர் இல்லை. பயந்துகொண்டே ஏன் என்று கேட்டேன். "பலகையில மழைக்கு மட்டுந்தானுங்க எடம்" என்றார்.

நாலு நாள் கழித்து மறுபடி மழை. காலையில் வேலிக்குப் பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மழையக்கா தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அந்தக் கண்ணாடிக் குழாயை அவர் இதுவரை யார் கையிலும் கொடுத்ததில்லை என்று ரைட்டர் சொல்லியிருந்தார்.

"படிங்க சார்."

குனிந்து பார்த்தேன். "முக்கால் இஞ்ச்" என்றேன்.

மழையக்கா குழாயைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு நேரே பலகைக்குப் போய், நான் சொன்னதை அப்படியே எழுதினார்.