ஜப்பான் பிள்ளையாரும் என் சட்டைப்பைச் சீப்பும்

இதை எழுத எனக்கு ஐந்து வருடம் எடுத்தது. பேனையை எடுத்தால் வெட்கம் வந்துவிடும். வைத்துவிட்டுத் தேவாரம் பாடப் போய்விடுவேன். இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். என் மைத்துனர் இந்தக் கதையைச் சொல்லுகிற விதம்தான் எழுத வைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் படித்தது கொஞ்சம். ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன். பிறகு நாற்பது வருடம் புறக்கோட்டை இரும்புக்கடையில் ஆணி நிறுத்தேன். ஓய்வுபெற்று வெள்ளவத்தை வீட்டில் இருந்தபோது, நாளுக்கு மூன்று தரம் நான் கோவிலுக்குப் போவதை என் மனைவி பரமேஸாலேயே பொறுக்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளையாருக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும். வேற எங்கயாவது போட்டு வாங்கோ" என்றாள்.

அப்படித்தான் ஒரு பூங்காவில் புதிதாகத் திறந்த ஜப்பானியத் தோட்டத்துக்குத் தொண்டர் வழிகாட்டியாகப் பெயர் கொடுத்தேன். ஆறு சனிக்கிழமை வகுப்பு; முடிவில், பார்க்க வருகிறவர்களுக்குத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் பரீட்சை. தேறினால் நெஞ்சில் குத்த ஒரு பட்ஜ். அதில் தமிழில் 'வழிகாட்டி' என்று இருக்கும். அறுபத்து நான்கு வயதில் நான் தேறப்போகும் முதல் பரீட்சை. (பட்ஜைக் குத்துவதற்கென்றே பரமேஸ் ஒரு வெள்ளைச் சேர்ட் தைப்பித்து வைத்திருந்தாள்.)

பயிற்சி தந்தவர் நிரோஷினி மிஸ், சிங்களவர். எங்களோடு தமிழில்தான் கதைப்பார். தோட்டத்தின் நடுவே வெள்ளைச் சரளைக்கல் பரப்பி, மரவாரியால் வரிவரியாகக் கோடு இழுத்திருந்தார்கள். அதன் மத்தியில் இடுப்பளவு உயரமான ஒரு கருங்கல்.

"அங்கிள், சரளைதான் கடல். கல்லுதான் தீவு. கடல்ல யாரும் கால் வைக்க ஏலாது" என்றார் மிஸ்.

கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஆனால் எனக்கு அது முதல் நாளே தீவாகத் தெரியவில்லை. பருத்த வயிறு, ஒரு பக்கம் வளைந்து இறங்கும் தும்பிக்கை. பக்கத்தில் இருந்த நஸீர் நானாவின் காதில் சொன்னேன். மாளிகாவத்தையில் தையல்கடை வைத்திருந்தவர், என்னோடு பயிற்சிக்கு வந்தவர்.

"எனக்குக் கல்லாத்தான் தெரியுது அண்ணே. நீங்க கொப்பியப் பாருங்க" என்றார்.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. நான் எட்டு மணிக்கே போய்விட்டேன். கோவிலில் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். ஆனால் ஓ.எல்லுக்கும் அதே கோவிலில்தான் கும்பிட்டேன் என்பது வழியில் ஞாபகம் வந்துவிட்டது. பரீட்சை நடக்கிற இடத்திலேயே ஒருவர் இருக்கும்போது அவரைப் பார்க்காமல் போவது எப்படி?

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினேன். கல்லில் மூன்று குறி திருநீறு. உச்சியில் ஒரு செவ்வரத்தம்பூ. தலையில் குட்டி, தோப்புக்கரணம் போட்டு, "அப்பனே, பட்ஜ் மட்டும் கிடைச்சால் காணும்" என்றேன். திரும்பிப் பார்த்தால் கடல் முழுக்க என் காலடி.

வாரி, பூட்டிய அறைக்குள். சட்டைப்பையில் இருந்தது ஒரு சீப்பு. குந்தியிருந்து பின்னுக்கு நகர்ந்தபடி கடலைச் சீவத் தொடங்கினேன். ஒரு முழம் சீவுவதற்குள் இரண்டு பல் போய்விட்டது. அந்த நேரம் நஸீர் நானா வந்தார். குனிந்து சீப்பைப் பார்த்தார்.

"அண்ணே, நேர் உச்சியா, பக்க உச்சியா?"

நான் வாய் திறக்குமுன் பஸ் வந்துவிட்டது. பரீட்சைக்குப் பார்வையாளர்களாக வந்தவர்கள் எங்கள் வீட்டு ஒழுங்கையில் இருக்கும் மாதர் சங்கத்துப் பெண்கள் பதினெட்டுப் பேர். (ஏற்பாடு பரமேஸ். அவள் கூட்டிவந்தால் யாரும் அரை மணி முன்னதாகத்தான் வருவார்கள்.) பின்னால் மிஸ்ஸும், தோட்டத்தை அமைத்த ஜப்பானியப் பெரியவரும். திருநீற்றைத் துடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பரமேஸ் கல்லைக் கண்டாள். கை தானாகக் குவிந்தது.

"இஞ்ச பாருங்கோடி, பிள்ளையார் இருக்கிறார். இந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லேல்லை."

அடுத்த நிமிடம் பதினெட்டுச் சோடி செருப்பும் வரம்பில் கிடந்தன. பரமேஸ் முன்னே, மற்றவர்கள் பின்னே, வலம் வரத் தொடங்கினார்கள். நான் கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினேன்.

"இறங்காதையுங்கோ. அது கடல்."

"கடலெண்டால் கால் நனையுமே" என்றாள் சங்கத் தலைவி, நடையை நிறுத்தாமல்.

"முதலே சொல்லியிருந்தால் கற்பூரம் கொண்டு வந்திருப்பம்" என்றாள் அவளுக்குப் பின்னால் வந்தவள்.

மூன்று சுற்றும் முடிந்தது. பெரியவர் அழப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றி, சோடியாக வைத்து, வரம்பிலேயே நின்று கல்லுக்குத் தலைகுனிந்தார். பிறகு மிஸ்ஸிடம் ஏதோ கேட்டார். மிஸ் என்னைப் பார்த்தார்.

"அங்கிள், இவர் கேக்கிறாரு, பூ வச்சது யாரு?"

நஸீர் நானா கண்ணால் வேண்டாம் என்றார். பிள்ளையாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளைச் சேர்ட் மனதில் வந்து போனது.

"நான்தான்" என்றேன். கையில் சீப்பு வேறு.

பட்ஜ் கிடைக்கவில்லை. மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது; கடலில் பதினெட்டுப் பேரை இறக்கியவனை எப்படித் தேறவைப்பது? அன்று பின்னேரம் வரை பெரியவர் என் கையைப் பிடித்து வாரி இழுக்கக் காட்டித் தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் தெரியாது. கடல் சரியானதும் நான் பூவை எடுக்கப் போனேன். இருக்கட்டும் என்பதுபோலக் கையால் காட்டினார்.

நஸீர் நானா பிறகு ஒரு நாள் சிங்களத்தில் சுற்றிக்காட்டித் தேறினார். அவர் பட்ஜ் வாங்கிய நாளில் நான் அந்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய், கடைசி வரிசையில் இருந்து கைதட்டினேன்.

இன்றைக்கும் புதிய வழிகாட்டிகளின் முதல் வகுப்பில், அன்று யாரோ எடுத்த என் படத்தைக் காட்டுகிறார்களாம். கையில் சீப்பு, பின்னால் செருப்புக் குவியல். பாடத்தில் தேறாதவன் பாடமாகவே ஆகிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் யார் பரீட்சைக்குப் புறப்பட்டாலும் வாசலில் ஒரு குரல் கேட்கும்: "சீப்பு எடுத்தாச்சோ?"

அதைத் தாங்கிக்கொள்வேன். வத்தளையில் இருக்கும் என் மைத்துனரைத்தான் தாங்க முடியவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஏதாவது கூட்டுகிறார். முதலில் நான் தேங்காய் உடைத்தேன் என்றார். பிறகு சரளையில் உருண்டு பிரதட்டை செய்தேன் என்றார். இந்த வருடம் ஜப்பானியர் காவடியே எடுத்துவிட்டார்.

ஆகவே வாசிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். இதை யாருக்குச் சொன்னாலும் உள்ளபடி சொல்லுங்கள். குறி மூன்று, பூ ஒன்று. தேங்காய் இல்லை. நான் உருளவில்லை. யார் என்று கேட்டபோது நான்தான் என்று சொன்னேன். மைத்துனர் எப்போதும் விட்டுவிடுகிற இடம் அது. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.