பறக்கும் படைக்கு விழுந்த இரண்டு அடி

ஊரையே சந்தேகப்படுகிறவர்கள் தங்கள் மூளையை மட்டும் சந்தேகப்படுவதே இல்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தகுதி எனக்கு உண்டு. நான் ஓசூரில் டீச்சர். பொதுத்தேர்வு வந்தால் பறக்கும் படையில் போய்ப் பிட் பிடிப்பவள். (சாக்ஸுக்குள் ஒளித்ததைக்கூட உருவியிருக்கிறேன். என்ன பெருமை பாருங்கள்!)

பாலக்கோட்டில் தனியாக இருந்த அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். வீட்டை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். எனக்கோ லீவு தீர்ந்துவிட்டது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன். முதலில் வந்தவர், நான் கேட்ட கேள்விகளுக்குப் பயந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். இரண்டாமவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டேன். "மொதல்ல உங்களுதக் காட்டுங்க" என்றார்.

மூன்றாவதாக மாரண்டஹள்ளியிலிருந்து செலின் அக்கா வந்தார். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, அப்பாவுக்கு எது செய்தாலும் நேரம் போட்டு எழுதச் சொன்னேன். வாரம் ஒருமுறை 'சரிபார்க்கப்பட்டது' என்று சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். ஒரு மனுஷியை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா? அன்று எனக்கு அது நிர்வாகத் திறமை.

இரண்டாம் மாதம் அப்பா போனில் கிசுகிசுத்தார். "கண்ணு, பட்டினி போடறா."

அடுத்த சனிக்கிழமை மதியம் பாலக்கோட்டில் இறங்கினேன். முன்வாசல் வழியாகப் போனால் அது பறக்கும் படையா? முகத்தில் மாஸ்க், தலையில் துண்டு. பின்சந்தில் கிடந்த தக்காளிப் பெட்டிகள் இரண்டை அடுக்கி, ஐம்பதை நெருங்கும் வயதில், புடவையோடு சுவர் ஏறினேன். (இறங்க வேண்டிய சிரமம் இருக்கவில்லை. விழுந்துவிட்டேன்.)

சத்தம் கேட்டுச் செலின் அக்கா, ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்போடு ஓடிவந்தார். முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. சூடான களி கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியே குளியலறைக்குள் தள்ளித் தாழ் போட்டார்.

"அய்யா, திருடிங்க!"

"விடாத செலினு, இன்னும் ரெண்டு போடு!" இது கட்டிலிலிருந்து அப்பா.

"அப்பா, நாந்தாம்ப்பா!" என்று கத்தினேன்.

"எம்பொண்ணு டீச்சரு. அவ எதுக்குச் செவுரேறி வர்றா?"

தெருவே கூடிவிட்டது. யாரோ தாழைத் திறந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்த என்னைப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் உற்றுப் பார்த்தார். "அட, ப்ளஸ் டூவுல என்னைப் பிட்டோட புடிச்ச டீச்சருங்க இவங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அப்புறம்தான் பட்டினி விஷயத்தைக் கேட்டேன். "சக்கரை ஏறுதுன்னு ஜிலேபி தரலீங்க, அதான்" என்றார் செலின் அக்கா. அப்பா விட்டத்தைப் பார்த்தார். அக்கா உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். "சந்தேகப்படற வூட்ல எனக்கு வேல வேணாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் போனால் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்காரவைக்கக்கூட ஆள் இல்லை. கழுத்தில் களியோடு, அத்தனை பேர் முன்னால், "மன்னிச்சிருங்கக்கா" என்று கும்பிட்டேன். அப்பாவும் அலறினார். "போயிராத தாயி! இவகிட்ட மாட்டுனா எனக்கும் பரீச்ச வெப்பா!"

செலின் அக்கா பையைக் கீழே வைத்தார். அப்பாவின் சாப்பாடு முடிந்ததும் நோட்டை எடுத்து எதையோ எழுதி என்னிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்க டீச்சர்."

நான்கு வருடம் ஆகிறது. செலின் அக்காதான் இன்றும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மகள் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கிறாள்:

'மதியம் 12.40. ஒரு திருடி வந்தாள். இரண்டு அடி கொடுத்தேன். பிறகு டீச்சர் என்று தெரிந்தது. அய்யா ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார். களி முழுவதும் சாப்பிட்டார்.'

கீழே சிவப்பு மையில், 'சரிபார்க்கப்பட்டது.'