பௌர்ணமியன்று மட்டும் வீடு காட்டுகிறவர்

திருவண்ணாமலையில் வீட்டு புரோக்கர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஒரு வீட்டின் குறைகளைக் கல்யாணப் பத்திரிகை வாசிப்பதுபோல் வாய் நிறையச் சொல்கிற புரோக்கர் உலகத்திலேயே ஒருவர்தான்! ஊரில் அவருக்குப் பெயர் 'பௌர்ணமி'.

பௌர்ணமியன்று மலை சுற்ற ஊர் கொள்ளாத ஜனம் வரும். அன்று எந்த புரோக்கரும் கிரிவலப் பாதைப் பக்கம் வீடு காட்டமாட்டார். இவர் அன்று மட்டும்தான் காட்டுவார்!

போதாததற்குச் செல்போனில் பிளாக், அதாவது வலைப்பூ, வேறு எழுதுவார். எந்தத் தெருவில் வாடகை ஏறியது, எங்கே தண்ணீர் உப்பு, எல்லாம் அதில் வரும். ஒருமுறை கமிஷன் ரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டார். டீக்கடையில் மற்ற புரோக்கர்கள் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

"ஏம்பா, ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறோம்னு எழுதிட்டியே, நாங்க பொழைக்கிறதா வேணாமா?"

"கடைசி வரி படிக்கலியா? நானும் வாங்குறேன்னு எழுதியிருக்கேனே!" என்று டீயை ஊதினார்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் போய் மாட்டினேன். கிரிவலப் பாதையிலேயே, அடி அண்ணாமலையில் கடன் வாங்கி மாடி கட்டியிருந்தேன். மூன்று மாதமாகக் காலி. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால், பிழைப்புக்கு ஓட்டும் லோடு ஆட்டோவை விற்றாக வேண்டும். வருகிறவர்களிடம் வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லவும் எனக்கு நாக்கு எழாது.

பௌர்ணமியன்று சாயங்காலம் ஒருவரைக் கூட்டத்தில் நடத்தியே கூட்டி வந்தார்.

"பாருங்க சார்! வாசல்ல கால் வெக்க முடியுதா பாருங்க! இதாங்க வீட்டோட நெஜ மொகம்!"

வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு வாசலில் இறங்கினார். கூட்டத்தோடு அப்படியே கிரிவலம் போய்விட்டார். திரும்பவேயில்லை.

"ஏண்ணா, ஒரு செவ்வாக்கெழமயா பாத்துக் காட்டக் கூடாதா?" என்று அவரைக் கேட்டாள் என் மனைவி.

"காட்டலாம் தங்கச்சி. உடனே குடி வந்துடுவாங்க. அடுத்த பௌர்ணமிக்கு சாமான ஏத்திக்கினு போயிடுவாங்க."

மறுநாள் எங்கள் வீடும் பிளாக்கில் வந்துவிட்டது. மனைவி உரக்கப் படித்தாள்: "மாடி வீடு. தண்ணீர் உண்டு, காற்று உண்டு, குரங்கும் உண்டு. பௌர்ணமியன்று வண்டி எடுக்க முடியாது. வீட்டுக்காரர் பேசமாட்டார். கோபம் இல்லை, கூச்சம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் இரண்டு நாள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. ஆட்டோ கை விட்டுப் போனதாகவே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த பௌர்ணமிக்கு, வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாள் பிளாக்கைப் படித்துவிட்டு அவரோடு வந்தார். வேர்த்து விறுவிறுத்து மாடியேறினார். அறைகளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"கூட்டம் மாசத்துல ஒரு நாளுதானே, போவட்டும். வீட்டுக்காரர் நெஜமாவே பேசமாட்டாரா?"

"இவர்தாங்க! நீங்களே சோதிச்சுப் பாருங்க!"

நான் தரையைப் பார்த்தேன்.

"இப்ப இருக்கிற வீட்ல, வீட்டுக்காரர் இன்னா கொழம்பு, யாரு வந்துட்டுப் போனாங்கன்னு தெனம் கேக்குறாருங்க! எனக்கு இந்த வீடுதான் வேணும்!"

அங்கேயே அட்வான்ஸ் கைக்கு வந்தது. ஆட்டோ தப்பித்தது!

அன்று நன்றி சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. இப்போது பௌர்ணமிதோறும், அவர் யாரையாவது கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும்போது, ஒரு சொம்பு மோரோடு வாசலில் நிற்கிறேன். ஊரெல்லாம் அவ்வளவு பேசுகிற மனிதர், என் பக்கத்தில் நின்று சொம்பு காலியாகும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.