இருங்கோ டாக்டரும் என் தங்கையின் கழுத்தும்

மைசூரில் என்னை இருங்கோ டாக்டர் அளவுக்குக் கோபப்படுத்திய மனிதர் வேறு யாரும் கிடையாது. தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைத்த வீட்டுக்காரரைக்கூட மன்னித்துவிட்டேன். இவரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளில் மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அதன் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸ், அவர் மயக்க மருந்து டாக்டர். எதற்கெடுத்தாலும் "இருங்கோ" என்பார். அதுவே அவர் பெயராக நிலைத்துவிட்டது.

நோயாளியின் ரத்த அழுத்தத்தைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த ஒரு வெல்ல வியாபாரி, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கடைச் சாவிக்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்றார். பிரஷர் எகிறிவிட்டது. இருங்கோ ஸ்ட்ரெச்சரைத் திருப்பிவிட்டார்.

"சண்டையை முடிச்சுண்டு வாங்கோ. நாளைக்குப் பண்ணிக்கலாம்."

கையுறை மாட்டித் தயாராக நின்ற சர்ஜன் என்மீது எரிந்து விழுந்தார். சண்டை போட்டது வியாபாரி, நிறுத்தியது இவர், திட்டு வாங்கியது நான். இன்னொரு நாள், என் செருப்புச் சத்தத்துக்கு நோயாளியின் நாடி துள்ளுகிறது என்று சொல்லி என்னை வெறுங்காலோடு நடக்க வைத்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் என் தங்கை கமலா போய்ப் படுத்தாள். கழுத்தில் தைராய்டு கட்டி. அந்த இடத்தில் ரத்தம் பொங்கினால் சர்ஜனுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இருங்கோ மருந்து கொடுத்து அவள் பிரஷரைக் கீழே இறக்கிப் பிடித்து வைத்திருந்தார். கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. சர்ஜன் தையல் போட ஊசி கேட்டார்.

"இருங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அது என் தங்கச்சி. கழுத்தைத் திறந்து போட்டுட்டு இன்னும் எதுக்கு சார் காத்திருக்கணும்?"

"பிரஷரை நான் அமுக்கி வெச்சிருக்கேன் சிஸ்டர், அதான் ரத்தம் வரலை. ஏத்திப் பாத்துட்டுத்தான் மூடணும்."

"ட்ரையா இருக்கு, ரீ. சும்மனே டைம் வேஸ்ட். அடுத்த கேஸ் காத்திட்டிருக்கு," என்றார் கன்னடக்காரரான சர்ஜன்.

"தைச்சா நான் எழுப்ப மாட்டேன். நீங்களே எழுப்பிக்கோங்கோ."

சர்ஜன் பல்லைக் கடித்தார். நானும் கடித்தேன். பிரஷர் மெல்ல ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களா" என்று சர்ஜன் ஊசியை எடுத்தார். இருங்கோ கையை நீட்டித் தடுத்தார். அப்போதுதான் குழியின் அடியிலிருந்து ரத்தம் பீறிட்டது.

சர்ஜன் அந்த ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டினார். தைத்து மூடியிருந்தால் அத்தனையும் உள்ளேயே தேங்கி, வார்டில் கமலாவின் மூச்சுக்குழலை நெரித்திருக்கும். என் கோபம் அப்படியே சர்ஜன் பக்கம் திரும்பியது. தையல் போட்டு முடித்து அவர் வெளியே போனதும், எங்கள் அம்மா அந்த அவசரக்காரரைத்தான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து டாக்டர் என்று ஒருவர் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தியேட்டரில் சர்ஜனின் நெற்றியைத்தான் நாங்கள் துடைப்போம். மயக்க மருந்து டாக்டருக்கு வியர்த்தால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உள்ளே இருங்கோ, மயக்கம் தெளியும்வரை மூச்சு அடைபடாமல் இருக்க இரண்டு கையாலும் கமலாவின் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், கண்ணாடிக்குள் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. நான் ஒரு துணியை எடுத்துப் போய் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன்.