பைசாத்தூசி வதைப் படலம்

வாழ்க ஷைலா! எப்போதும்வென்றான் என்று பெயரிலேயே பாதி வெற்றியை அள்ளிக் கொடுக்கும் ஊரில் பிறந்தவள், கரிசல் வெயிலுக்கும் கல்லூரித் தேர்வுக்கும் அஞ்சாதவள், பில் போடும் மென்பொருளைத் தன்னந்தனியாக எழுதி முடித்த விரல்வேல் வீராங்கனை, அவள் புகழைப் பாடத் தொடங்குகிறோம். எம் நாவில் பிழை வராமல் காக்க வந்த தெய்வங்கள் அவள் நிரலையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

போர்க்களம், கோவில்பட்டியில் யோகராஜ் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடை. வாசலில் மதுரைக்குப் போகும் லாரி மதங்கொண்ட களிறாய் உறுமிக்கொண்டிருந்தது. பில் இல்லாமல் அது நகராது. அண்ணாச்சிதான் ஷைலாவின் முதல் வாடிக்கையாளர். இன்று பில் வந்தால் பஜாரே அவளைத் தேடி வரும். வராவிட்டால் மடிக்கணினியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

பொத்தானைத் தட்டினாள். திரை முழங்கிற்று: ‘சரக்குகளின் கூட்டுத்தொகை 48,760.30. பில் தொகை 48,760.30. கணக்கு ஒத்துவரவில்லை.’

“ரெண்டும் ஒண்ணாத்தானம்மா இருக்குது! பெறகு என்னத்த ஒத்துவரலங்குது?” என்று இடித்தார் அண்ணாச்சி.

அந்தோ, அவர் அறியாத பகை அது! பத்துப் பைசாவோடு இருபது பைசாவைக் கூட்டச் சொன்னால், முப்பது என்று மரியாதையாகச் சொல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியை மேலே ஒட்டவைத்துச் சொல்வது, ரூபாயைப் புள்ளி வைத்துக் கூட்டும் கணினியின் பிறவிக் குணம். எந்தக் கல்லாவிலும் விழாத, எந்தக் கண்டக்டரும் பாக்கி சொல்லாத, பைசாவின் கோடியில் ஒரு கூறான அந்தத் தூசி, பத்து டன் லாரியை மறித்து நின்றது. ஷைலாவுக்கு அழுகை முட்டியது. துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, கடை அதிரச் சபதம் செய்தாள்:

“இந்த பில்லு வராம நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கமாட்டேன் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க!”

விசைப்பலகை பறைகொட்ட, புள்ளிகளின் தலைகளைக் கொய்து, ரூபாய் என்னும் குலத்தையே வேரறுத்து, எல்லாத் தொகையையும் முழுப் பைசாவாக மாற்றி அவள் பொருத பொருதலில், ஒட்டிக்கொள்ள இடமின்றித் தூசி மாண்டது. கணக்கு ஒத்தது! அச்சு இயந்திரம் வெற்றிச்சங்கு ஊதிற்று!

லாரி ஓட்டுநர் கருப்பசாமி பில்லை வாங்கி உரக்கப் படித்தார். “நாப்பத்தெட்டு லச்சத்து எழுபத்தாறாயிரத்து முப்பது ரூவா.” படித்தவர் போய் லாரி எஞ்சினை அணைத்துவிட்டு வந்தார். “இம்புட்டு வெல உள்ள மிட்டாயோட நான் ஒத்தையில போமாட்டேன் அண்ணாச்சி.”

பைசாவை மறுபடியும் ரூபாயாக்க, நூறால் வகுக்க மறந்திருந்தாள் வீராங்கனை. திசைகள் நடுங்கின, கடலையும் பாகும் கலங்கின, கரிசல் வானம் மூச்சடக்கி நின்றது.

அண்ணாச்சி பேனாவை எடுத்து, பில்லில் கடைசி முப்பதுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து லாரியை அனுப்பிவிட்டு, ஷைலாவை நாளைக்கு வந்து சரிபண்ணிக் கொடுக்கச் சொன்னார்.