உறையைப் பார்த்து எரிந்த சிவப்பு விளக்கு

மனித உயிரின் விலை தொள்ளாயிரம். அழுத்திக் கேட்டால் எண்ணூற்றைம்பது. மச்சானையும் கூட்டிவந்தால் இரண்டு உயிர் ஆயிரத்து அறுநூறு. எக்ஸ்ரே நிலையத்துக்கு நேர் எதிரே, கதிர் ஐயாவின் கடையில் அன்றைய நிலவரம் அதுதான்.

வரிசை தெருமுனை வரை வளைந்து நின்றது. படம் எடுத்துக்கொண்டு பெரிய உறையோடு வெளியே வந்தவர்கள், சாலையைக் கடந்து நேராக இங்கே வந்தார்கள். உடம்பில் தங்கிய கதிரை ஐயா உறிஞ்சி எடுப்பாராம். கறுப்புப் பெட்டியை நெஞ்சருகே நீட்டுவார். சிவப்பு விளக்கு எரியும். "ஐயோ, எலும்பு வரைக்கும் ஊறிடுச்சு!" காசு கைமாறும். ஒரு கல்லைக் கையில் கொடுத்து மூச்சை இழுக்கச் சொல்வார், பச்சை எரியும். கல்லை மறக்காமல் திருப்பி வாங்கிக்கொள்வார். அடுத்த உயிர் காத்திருக்கிறதே!

பாத்திரக்கடைக்காரி வரிசையில் நின்றது கதிருக்குப் பயந்து அல்ல, கணவரை நினைத்துப் பயந்து. அவருக்குத் தொண்டையில் கட்டி. காமா கதிர் சிகிச்சை போன வாரமே தொடங்கியிருக்க வேண்டும். டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. "தொண்டை எரியும், முழுங்கக் கஷ்டமா இருக்கும், தோல் கறுக்கும். தேவையில்லாம யாருக்கும் கதிர் குடுக்கக் கூடாது. இவருக்குத் தேவை. தள்ளிப்போட்டா கட்டி ஜெயிச்சிடும்."

கதிர் ஐயாவோ ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஏற்கெனவே நிரம்பி வழியுது. பத்துத் தடவை உறிஞ்சணும். இன்னும் ஏத்தினா சாம்பல்தான்."

குறையைச் சொல்லி விற்பவரை விட்டுவிட்டு, குறையே இல்லாத சரக்கை நம்பி முன்பணமும் கட்டினார் கணவர். வியாபாரியாம், வியாபாரி!

"ஆஸ்பத்திரிக்கு நான் வரலைன்னா வரலை."

"வர வேணாங்க. ஐயாகிட்டயே இன்னொரு தடவை காட்டிட்டு வந்துடலாம்."

போன வாரமே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். பெட்டியை நீட்டுவதற்கு முன் ஐயாவின் கண் ஆளின் கைக்குப் போகிறது, முகத்துக்குப் போவதே இல்லை. கடையில் அவளும் அப்படித்தான். வந்தவர் கையிலுள்ள பையைப் பார்த்துத்தான் குடத்துக்கு விலை சொல்வாள். தொழில் தொழிலுக்குத் தெரியாதா?

இன்று கணவர் வெறுங்கையோடு வந்தார். உறை அவள் கக்கத்தில். அவளோ பிறந்ததிலிருந்து எக்ஸ்ரே அறைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"முதல்ல இவரைப் பாருங்கய்யா. சும்மா துணைக்கு வந்தவரு."

பச்சை எரிந்தது. "சுத்தமான உடம்பு! கதிர் வாசனையே இல்ல."

வாயைத் திறந்த கணவரின் முழங்கையை நறுக்கென்று கிள்ளினாள்.

அடுத்து அவள். பெட்டி சிவந்தது. "அம்மா, ஆபத்து! எத்தனை படம் எடுத்தீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

"பாத்தீங்களா! இத்தனை வருஷமா உள்ளேயே தங்கிடுச்சு."

"ஆமாங்க, இன்னும் போகல. இதோ, பக்கத்துலயே நிக்குது."

உறையைப் பிரித்தாள். உள்ளே அவர்கள் கல்யாணப் படம்.

"அதுலயும் கொஞ்சம் கதிர் இருக்கும்..." என்று ஐயா இழுத்தார்.

"அப்ப எங்க வீட்டுல மாட்டியிருக்கிறதையும் உறிஞ்சுங்கய்யா!" வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு தெருமுனை வரை ஓடியது. அவள் மேசைத்துணியைத் தூக்கினாள். ஐயாவின் கால் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பொத்தான்கள்.

"அப்ப உடம்புல தங்கின கதிர்?" என்றார் ஒருவர், இன்னும் பயம் விடாமல்.

டாக்டரம்மா சொன்னதை அவள் எடுத்துவிட்டாள். "விளக்கை அணைச்சா வெளிச்சம் ரூம்ல தங்குமா? மெஷின் நின்னா எக்ஸ்ரேயும் போச்சு. பயப்படணும்னா தேவையில்லாத படத்துக்குப் பயப்படுங்க. வயித்துல பிள்ளை இருந்தா படம் எடுக்குமுன்ன சொல்லுங்க. சொல்றதுக்குக் காசு கேக்க மாட்டாங்க."

கணவர் முன்பணத்தை எண்ணித் திருப்பி வாங்கிக்கொண்டார். சாலையைக் கடக்கும்போது, "ஆஸ்பத்திரியில நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றார்.

அன்று அவள் மனக்கணக்கு இது. வரவு, முன்பணம் முழுவதும். செலவு, ஒரு கிள்ளல். நட்டம், கட்டிக்குத் தானமாகப் போன ஒரு வாரம். அதை எந்த ஐயாவும் திருப்பித் தர மாட்டார். யோசிப்பதற்கு மட்டும் ஒரு காசும் செலவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த யோசனைக் கடையில் வரிசையே இல்லை.