மரவள்ளி மோதினால்

கள்ளக்குறிச்சியில் எங்கள் மரவள்ளி இடித்துத் தள்ளாத ஆள் யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். நம்பாதவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

பெண்கள் விடுதியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அவள் நைனார்பாளையம் பக்கம். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. மரவள்ளி என்பது நாங்கள் வைத்த பெயர். விழுந்து கிடப்பவளைத் தூக்கினால், கிழங்கைப் பிடுங்கியதுபோல் கூடவே பாதி மைதானமும் பெயர்ந்து வரும். விளையாட்டு டீச்சர் ரக்பி என்ற முட்டைப் பந்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க வந்தார். "பந்து வெச்சிருக்கறவளப் புடிச்சித் தள்ளணும்" என்றதுதான் தாமதம், இவள் டீச்சரையே தள்ளிவிட்டாள். பந்து அப்போது டீச்சர் கையில்தானே இருந்தது?

ஆனால் ஒரு பழக்கம். ஆளை வேரோடு சாய்ப்பாள், சாய்ந்தவள் மேல் தன் கால் பட்டுவிட்டால் போச்சு. அப்படியே நின்று, குனிந்து, அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதற்குள் எதிர் அணி பந்தோடு கோட்டைத் தாண்டியிருக்கும். பந்தை உதைத்தாலும் அது போன திசைக்கு ஒரு கும்பிடு. தியாகதுருகத்தில் நாங்கள் தோற்றதற்கு இவள் பக்திதான் முழுக் காரணம்.

"ஏன்டி, ஆளையே கவுத்துட்ட. அப்புறம் இன்னாடி கும்புடு?" என்று சண்டைக்குப் போனேன்.

"கவுத்தது ஆட்டம்டி. கால் பட்டா பாவம்" என்றாள், முன்பல் போன வாயால். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மாநில அணிக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வந்தார்கள். தேர்வானால் அங்கேயே தங்கிச் சாப்பாடு, படிப்பு, ஆட்டம். இல்லையென்றால் ஊருக்குப் போய்க் கரும்பு வெட்ட வேண்டும். அவள் அப்பா வேலை செய்த தோட்டத்துக்காரர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு விட்டாரா? தேர்வு ஆட்டத்தின் நடுவில், வெள்ளை வேட்டி சரசரக்க மைதானத்துக்கே வந்துவிட்டார். பின்னால் அவள் அப்பா, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

அப்போது பந்து மரவள்ளி கையில். ஓரக் கோட்டை ஒட்டி ஓடிவந்துகொண்டிருந்தாள். தோட்டத்துக்காரர் கோட்டுக்குள் கால் வைத்து, கையை நீட்டி மறித்தார்.

"ஏ புள்ள, அங்க வெட்டறதுக்கு ஆளு கம்மி. நீ டவுசர மாட்டிக்கினு ஆடிக்கினு இருக்கியா? நட வூட்டுக்கு."

ஒதுங்கிப் போக இடம் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவள் ஒதுங்கவில்லை. வேட்டி ஒரு பக்கம், பட்டாப்பட்டி டவுசரோடு அவர் ஒரு பக்கம். தாண்டும்போது அவள் கால் அவர் தோளில் பட்டதை மைதானமே பார்த்தது.

பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இந்த மனுஷரையும் தொட்டுக் கும்பிடப் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்தாள். ஷூ லேஸைக் கட்டினாள். நிமிர்ந்தாள்.

"ஆட்டத்துக்கு நடுவுல வராதீங்க" என்றாள்.

தோட்டத்துக்காரர் அவள் அப்பாவிடம் திரும்பினார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? உம் பொண்ண இஸ்துக்கினு வாடா."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆட்டம் முடியட்டுங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவர் அந்தப் பாயிண்டைக் கொடுக்கவில்லை. அப்பாவுக்குத் தோட்டத்து வேலை போனது, சங்கராபுரம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனார். மரவள்ளி தேர்வாகிச் சென்னைக்குப் போனாள். மாநிலத்துக்கு ஆடினாள், தோள் எலும்பை முறித்துக்கொண்டாள், கட்டுப் பிரித்ததும் மறுபடி ஆடினாள். இப்போது கல்வராயன்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அங்கே பெண்பிள்ளைகள் சரிவும் கல்லுமான தரையில் முட்டைப் பந்தோடு பறக்கிறார்கள். கூட்டிப்போக வரும் பெரியவர்கள் எத்தனை அவசரமானாலும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

போன மாதம் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தூரத்திலிருந்தே ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். விலா இன்னும் வலிக்கிறது. தைலம் தேய்க்கத்தான் மனசு வரவில்லை.